ஸ்கேன் செலவும் சங்கத்தின் கடமையும்

தனியாக நின்று பேரம் பேசுகிற ஏழை தோற்கிறான். பலர் கூடி நின்றால் அவனுக்கு வழி பிறக்கிறது. கூட்டுறவு இயக்கத்தின் அடிப்படை இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். நூல் கொள்முதலில் இதை நாம் கண்டிருக்கிறோம். நெய்த துணியை விற்பதில் கண்டிருக்கிறோம். 1935-ஆம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் நிறுவப்பட்டதன் நோக்கமும் இதுவே. உரம் வாங்குவதிலும், பயிர்க் கடன் பெறுவதிலும், விளைபொருளை ஏலத்திற்குக் கொண்டு செல்வதிலும் விவசாய அங்கத்தினர்கள் இதே உண்மையை ஆண்டுதோறும் அனுபவித்து வருகிறார்கள். ஆனால் இன்று நம்மவர்கள் ஒரு புதிய சந்தையில் தன்னந்தனியே நிற்கிறார்கள். அங்கே சரக்கின் தரம் தெரியாது, விலை தெரியாது, தம் கையிலுள்ள காப்பீட்டு அட்டை செல்லுமா, செல்லாதா என்பதும் தெரியாது. ஸ்கேன் நிலையத்தின் வாயிலே அந்தச் சந்தை.

நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நெசவாளர் ஒருவருக்கு அடிவயிற்றில் ஓயாத வலி. வைத்தியர் சோதித்துவிட்டு, ஸ்கேன் எடுத்து வரும்படி சீட்டு எழுதித் தருகிறார். சீட்டிலேயே ஒரு நிலையத்தின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கிறது. அவர் தறியை நிறுத்திவிட்டு, துணைக்கு மனைவியையும் அழைத்துக்கொண்டு, பஸ் ஏறி நகரத்துக்குப் போகிறார். இருவரின் ஒரு நாள் கூலியும் அத்தோடு போயிற்று. பையில் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்ற தைரியத்தில் வரிசையில் நிற்கிறார். முகப்பிலிருக்கும் சிப்பந்தி அட்டையைத் திரும்பியும் பாராமல், "இது இங்கே எடுக்காது, ரொக்கமாகக் கட்டுங்கள்" என்று சொல்லிவிடுகிறார். கைமாற்று வாங்கிப் பணம் கட்டுகிறார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே வேறொரு படம் வேண்டும் என்கிறார்கள். இத்தகைய அலைச்சல் நம் ஊர்களில் புதுமையன்று. நோய்க்கு மருந்து தொடங்கு முன்பே குடும்பம் கடன்பட்டுவிடுகிறது.

இந்த அலைச்சலில் பெரும்பகுதி தவிர்க்கத் தக்கது என்பது என் கருத்து. அங்கத்தினர் சில விவரங்களை அறிந்திருந்தால் பாதி குறையும். மீதிப் பாதியைக் குறைப்பது சங்கத்தின் கடமை. இவ்விரண்டையும் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

படமும் அதைப் படிப்பவரும்

1895-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையைச் சேர்ந்த பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. 1971-இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்பவரின் கருவியால் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அன்று உலக அதிசயமாக இருந்தது, இன்று தாலுகா தலைநகரங்களிலும் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு நிற்கிறது. கருவி பெருகியது நன்மையே. ஆனால் கருவி படத்தைத்தான் தரும். நோயைச் சொல்பவர் மருத்துவர்.

இங்கே அங்கத்தினர்கள் ஒரு வேற்றுமையை மனத்திற் கொள்ள வேண்டும். நம்மைப் படுக்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, பொத்தானை அழுத்துகிறவர் பெரும்பாலும் தொழில்நுட்பப் பணியாளர். படத்தைப் படித்து அறிக்கை எழுதிக் கையொப்பமிட வேண்டியவர் கதிரியல் மருத்துவர். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மேல் எம்.டி. கதிரியல், டி.எம்.ஆர்.டி., டி.என்.பி. ஆகியவற்றுள் ஒன்றை அவர் பெற்றிருப்பார். அறிக்கையின் அடியில் அவர் பெயரும், பட்டமும், மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்ப்பது நம் உரிமை. ஜவுளி வாங்குகிறவர் முத்திரையைப் பார்ப்பதில்லையா? அதைப் போன்றதே இதுவும்.

சிறிய ஊர்களில் எடுக்கும் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைக் கம்பி வழியே தொலைவிலுள்ள நிபுணருக்கு அனுப்பி அறிக்கை பெறுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. இதில் தவறில்லை, நிபுணர் இல்லாத ஊருக்கு இது ஒரு சகாயமே. ஆயினும் கையொப்பமிடுகிறவர் யார், அறிக்கை எத்தனை மணி நேரத்தில் வரும், ஐயம் எழுந்தால் நம் வைத்தியர் அவருடன் பேச இயலுமா என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அல்ட்ரா சவுண்டு ஸ்கேன் வேறு வகை. அதில் கருவியைக் கையில் பிடித்துப் பார்க்கும்போதே நோய் புலப்பட வேண்டும். ஆகையால் தகுதி பெற்ற மருத்துவர் நேரில் இருக்கும் நாளையும் வேளையையும் முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போவது நலம். நகரத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் மட்டும் நிபுணர் வந்து போகும் நிலையங்களும் உண்டு. மற்ற நாளில் போய்க் காத்திருந்து திரும்புவது வீண்.

நிலையத்தின் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இல் இயற்றப்பட்டது. அதன்படி நிலையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். கருவிலுள்ள சிசு ஆணா பெண்ணா என்று கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அல்ட்ரா சவுண்டு நிலையங்கள் தனிப் பதிவு பெற்று, சான்றிதழைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். எக்ஸ்-ரே, சி.டி. கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். எம்.ஆர்.ஐ. காந்த சக்தியால் இயங்குவதால் அதற்கு இந்த வாரிய அனுமதி தேவையில்லை. இந்தப் பத்திரங்கள் ஒழுங்காக உள்ள இடத்தில் மற்றவையும் ஓரளவு ஒழுங்காயிருக்கும் என்று நம்பலாம்.

தனியார் நிலையத்துக்குப் போகுமுன் அரசு ஆஸ்பத்திரியை நினைக்க வேண்டும். 1994-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. நிலையங்களை நடத்தி வருகிறது. அங்கே கட்டணம் தனியார் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியே. சி.டி.க்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்ற அளவிலேயே பல ஆண்டுகளாக வசூலிக்கப்பட்டு வந்திருக்கிறது. மருந்து செலுத்தி எடுப்பதானால் சற்று அதிகமாகும். சென்னிமலை, பவானிப் பகுதி அங்கத்தினர்களுக்கு ஈரோடு அரசுத் தலைமை மருத்துவமனையும், பெருந்துறையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தொலைவில் இருக்கின்றன. காத்திருக்கும் நாள் கூடுதலாயிருக்கலாம். அவசரமில்லாத நோய்க்கு அந்தக் காத்திருப்பு லாபமே.

காப்பீட்டு அட்டையின் எல்லை

நிற்க. அட்டையைப் பற்றிப் பேசுவோம். 'காப்பீடு இருக்கிறது' என்ற ஒரே சொல்லில் பலவகை ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எல்லை வேறு.

முதலாவது, அரசுத் திட்டம். தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தொடங்கப்பட்டன. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தபின், குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு உயர்ந்தது. குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது. 2022-இல் திட்டத்தைப் புதுப்பித்தபோது 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வருமான வரம்பைக் கருதித் தமக்குக் கிடைக்காது என்று முன்பு விட்டுவிட்டவர்கள் இப்போது மறுபடி விண்ணப்பிக்கலாம்.

இத்திட்டத்தில் சிகிச்சைகளோடு நோயறியும் பரிசோதனைகள் சிலவும் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன. ஆனால் மூன்று நிபந்தனைகளை மறக்கலாகாது. பரிசோதனை பட்டியலில் இருக்க வேண்டும். எடுக்கும் இடம் திட்டத்தில் சேர்ந்ததாக இருக்க வேண்டும். எடுக்கு முன்பே அவ்விடத்தார் அனுமதி பெற வேண்டும். இது ரொக்கமின்றி நடக்கும் திட்டம். கடைத்தெருவிலுள்ள ஏதோ ஒரு நிலையத்தில் பணம் கட்டி எடுத்துவிட்டு, ரசீதைக் கொண்டுபோய்ப் பணத்தைத் திரும்பக் கேட்க இதில் வழியில்லை. ஆகவே முதலில் கேட்க வேண்டிய இடம், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு முகப்பு. அல்லது 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி. அட்டையிலுள்ள பெயரும் குடும்ப அட்டையிலுள்ள பெயரும் ஒத்திருக்கின்றனவா என்பதையும் நோய் வருமுன்பே சரிபார்த்து வைக்க வேண்டும். திருமணமாகி வந்த மருமகளின் பெயர் மாமனார் வீட்டுக் குடும்ப அட்டையில் சேராதிருப்பது நம் ஊர்களில் சாதாரணம். பிரசவ வலியோடு நிற்கும்போது அதைத் திருத்த முடியுமா?

இரண்டாவது, பணம் கட்டி வாங்கும் பாலிசி. வங்கியின் மூலமாகவோ முகவரின் மூலமாகவோ நம் அங்கத்தினர் பலர் இதை வாங்கியிருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியவை. வெளி நோயாளியாகச் சென்று எடுக்கும் ஸ்கேனுக்குத் தனிப் பிரிவு இருந்தாலொழியப் பணம் வராது. அன்றியும், பரிசோதனைக்காக மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அச்செலவு ஏற்கப்படாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள பொதுவான விலக்குகளில் ஒன்று. 'ஒரு நாள் படுத்து எழுந்தால் எல்லாவற்றையும் வாங்கித் தருகிறேன்' என்று எவராவது ஆசை காட்டினால் அதை நம்பிப் படுக்காதீர்கள். கோரிக்கை தள்ளப்பட்டால் அறை வாடகையும் நம் தலையிலேயே விழும்.

ஆனால் இதிலும் ஒரு நல்ல வாயில் உண்டு. பலர் அறியாமல் விட்டுவிடுவதும் அதுவே. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய குறிப்பிட்ட நாட்களில் அதே நோய்க்காக எடுத்த பரிசோதனைச் செலவையும் பாலிசி ஏற்கும். 2020 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் விற்க வேண்டுமென்று கொண்டுவரப்பட்ட ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் இது முன் 30 நாள், பின் 60 நாள் என்று இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். பித்தப்பைக் கல்லுக்காக ஓர் அம்மையார் தை மாதம் முதல் தேதி அல்ட்ரா சவுண்டு எடுக்கிறார். இருபதாம் தேதி சேர்ந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டால், ஸ்கேன் ரசீதையும் சேர்த்துக் கோரலாம். அறுவடை முடியட்டும் என்று பங்குனி வரை தள்ளிப் போட்டால் அந்த ரசீது பயனற்றதாகிவிடும். எனவே வைத்தியரின் சீட்டு, ரசீது, அறிக்கை, படம் ஆகிய நான்கையும் எறியாமல் ஒரே உறையில் வைத்திருக்க வேண்டும். வைத்தியர் எழுதிய சீட்டு இல்லாமல் நாமாகப் போய் எடுத்த ஸ்கேனுக்குப் பணம் கிடைப்பது அரிது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் விதியிலோ சேர்வதற்கு முன் 3 நாள், வீடு திரும்பியபின் 15 நாள் என்ற கணக்கே உண்டு.

மூன்றாவது, ஈ.எஸ்.ஐ. கூட்டுறவுச் சங்கத்தில் பாவு வாங்கி வீட்டில் நெய்யும் அங்கத்தினர் இதில் வரமாட்டார். ஆனால் மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ வேலைக்குப் போகும் மகனோ மகளோ மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளம் பெற்று ஈ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருந்தால், அவரைச் சார்ந்துள்ள பெற்றோருக்கும் விதிகளுக்குட்பட்டு உரிமை உண்டு. இதற்கு முதலில் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய், அங்கிருந்து மேலிடத்துக்கு அனுப்புச் சீட்டுப் பெற வேண்டும். நேரே தனியார் நிலையத்துக்குப் போனால் உரிமை கைநழுவும்.

இங்கே ஒரு பழைய செய்தியை நினைவூட்டுவது பொருந்தும். 2005-06-இல் மத்திய அரசு கைத்தறி நெசவாளர்க்கென ஒரு நலக் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. குடும்பத்துக்கு ஆண்டு வரம்பு 15,000 ரூபாய்தான். ஆயினும் அதில் ஒரு பகுதி வெளி நோயாளிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அத்திட்டம் இன்று இல்லை. பிறகு வந்த திட்டங்களின் வரம்பு லட்சக்கணக்கில் உயர்ந்தது. பெரிய அறுவை சிகிச்சையால் குடும்பம் அழியாமல் அவை காக்கின்றன. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் நோய் இன்னதென்று கண்டறிவதற்குச் செலவாகும் இரண்டாயிரமும் ஐயாயிரமும் மறுபடியும் நெசவாளியின் மடியிலிருந்தே போகின்றன. கண்டுபிடிக்கப் பணமில்லாதவன் நோயை முற்றவிட்டுப் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறான். அப்போது அரசுக்கும் செலவு அதிகம். அவனுக்கும் உயிர் அபாயம். வெளி நோயாளியின் ஸ்கேனுக்கும் ஒரு வரம்புக்குள் இடம் தர வேண்டுமென்று அரசைக் கேட்பது நியாயமான கோரிக்கையே.

புறப்படுமுன் கேட்க வேண்டியவை

தொலைபேசியில் கேட்டாலே போதும். பஸ் கட்டணம் மிஞ்சும். சீட்டிலுள்ள பரிசோதனையின் பெயரை எழுத்துப் பிசகாமல் படித்துச் சொல்லி, அது அங்கே எடுக்கப்படுகிறதா என்று கேளுங்கள். மொத்தக் கட்டணம் எவ்வளவு, மருந்து செலுத்தினால் எவ்வளவு கூடும், படத்துக்கும் குறுந்தகட்டுக்கும் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். காப்பீட்டைப் பற்றி, "இன்ஷ்யூரன்ஸ் எடுப்பீர்களா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "எடுப்போம்" என்றே பதில் வரும். திட்டத்தின் பெயரையும், கம்பெனியின் பெயரையும், பரிசோதனையின் பெயரையும் சொல்லி, "இந்த அட்டைக்கு, இந்தப் பரிசோதனைக்கு, நான் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பாலிசி உடையவர்கள் கம்பெனியின் தொலைபேசிக்கும் பேசி, இரு பதில்களும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

உடல்நிலை பற்றியும் சொல்ல வேண்டியவை உண்டு. கர்ப்பமாயிருந்தாலும், இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும் எக்ஸ்-ரே, சி.டி.க்கு முன் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு, நீரிழிவுக்கு உட்கொள்ளும் மாத்திரை, ஆஸ்துமா, முன்பு ஏதேனும் மருந்து ஒவ்வாமற்போனது ஆகியவற்றை, ஊசி மருந்து செலுத்துமுன் சொல்ல வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும், உடலில் உலோகத் தகடு வைத்திருப்பவர்களும், கண்ணில் இரும்புத் துகள் பட்டவர்களும் எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையுமுன் கட்டாயம் அறிவிக்க வேண்டும். பழைய படங்கள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதால் மறுபடி எடுக்கும் செலவு சில சமயம் மிஞ்சும்.

கோரிக்கை தள்ளப்பட்டால் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனுச் செய்யலாம். அதற்குக் கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை.

எல்லா வலிக்கும் படமா?

மிகவும் மலிவான ஸ்கேன் எது? தேவையில்லாததென்று வைத்தியர் சொல்லி எடுக்காமல் விட்ட ஸ்கேன்தான். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டுப் பகலெல்லாம் உட்கார்ந்து நெய்கிறவர்க்கும், குனிந்து களையெடுக்கிறவர்க்கும் இடுப்புவலி வருவது இயற்கை. உடனே எம்.ஆர்.ஐ. எடுத்துத் தீரவேண்டுமென்று சிலர் வைத்தியரை வற்புறுத்துகிறார்கள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகுவலியே இல்லாதவர்களின் படங்களை ஆராய்ந்தது. அவர்களுள் 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்புத் தட்டில் தேய்மானம் தெரிந்தது. படத்தில் தேய்மானம் இருக்கிறதென்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காலில் பலம் குறைந்தாலும், சிறுநீர் அடக்க முடியாமற்போனாலும், காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தாலும், கீழே விழுந்தபின் வலி தொடங்கினாலும் தாமதியாமல் வைத்தியரைக் காண வேண்டும்.

நூற்பாலையில் பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவர்க்கு வரும் நெஞ்சிறுக்க நோயும் இத்தகையதே. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம். எக்ஸ்-ரேயில் அதற்கென்று தனிக் குறி தெரிவதில்லை. தொழில் விவரத்தைக் கேட்டறிந்து, மூச்சு ஊதும் கருவியால் சோதித்தே அதை நிர்ணயிக்கிறார்கள். ஆகவே வைத்தியரிடம் முதலில் நம் தொழிலைச் சொல்ல வேண்டும். மாறாக, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்கும் மார்புப் படத்துக்கும் அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவச ஏற்பாடு இருக்கிறது. தயங்காமல் போக வேண்டும்.

கதிரின் அளவும் கருதத் தக்கது. மார்பு எக்ஸ்-ரே ஒன்றில் ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட், வயிற்று சி.டி. ஒன்றில் ஏறத்தாழ 8. தேவைப்பட்டபோது எடுப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. காரணமின்றித் திரும்பத் திரும்ப எடுப்பதே கூடாது.

அவசர காலத்துக்கு மேற்கூறிய விசாரணை எதுவும் பொருந்தாது. வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் உடனே 108-ஐ அழைத்து, சி.டி. வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அப்போது கட்டணம் விசாரித்துக்கொண்டு நிற்பது உயிரோடு விளையாடுவதாகும்.

சங்கம் செய்ய வேண்டியது

இத்தனையையும் ஒவ்வொரு அங்கத்தினரும் தாமே விசாரித்தறிவது எளிதன்று. ஒருவர் விசாரித்தறிந்தது மற்றவர்க்குப் பயன்படாமல் போவதே இன்றைய குறை. ஆகையால் சங்கம் முன்வர வேண்டும். நான் கூறும் யோசனைகள் மூன்று.

1. சுற்று வட்டாரத்திலுள்ள அரசு, தனியார் ஸ்கேன் நிலையங்களின் பட்டியலைச் சங்க அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும். என்ன பரிசோதனைகள், நிபுணர் இருக்கும் நாளும் நேரமும், கட்டணம், ஏற்கும் காப்பீட்டுத் திட்டங்கள், விசாரித்த தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கொருமுறை திருத்த வேண்டும். தேதியில்லாத பட்டியல் பழைய பஞ்சாங்கமே.

2. நெசவாளர் சங்கம், தொடக்க வேளாண்மைக் கடன் சங்கம், பால் சங்கம் ஆகியவை கூடி, நல்ல நிலையங்களோடு அங்கத்தினர்க்குரிய கட்டணத்தைப் பேசி எழுத்தில் பெற வேண்டும். பல நூறு குடும்பங்களின் பெயரால் பேசுகிறவருக்குக் கிடைக்கும் மரியாதை தனி ஒருவருக்குக் கிடைக்காது.

3. துணைவிதிகள் இடம் தரும் அளவில் பொது நன்மை நிதியிலிருந்து, அவசரப் பரிசோதனைக்குச் சிறு முன்பணம் வட்டியின்றி வழங்கிக் கூலியில் தவணையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கந்து வட்டிக்காரர் வாயிலை மூடுவதற்கு இதுவே வழி.

இவை ஆகாத காரியமென்று சொல்கிறவர்கள் கர்நாடகத்தைப் பார்க்கட்டும். அங்கே 2003-ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களான விவசாயிகளுக்காக யசஸ்வினி என்ற திட்டம் தொடங்கிற்று. தலைக்கு ஆண்டுக்கு 60 ரூபாய் என்று தொடங்கிய சந்தாவைக் கூட்டுறவுச் சங்கங்களே வசூலித்தன. திட்டத்திலுள்ள ஆஸ்பத்திரிகளில் அறுவை சிகிச்சைக்கு ரொக்கம் வேண்டியதில்லை. வைத்திய ஆலோசனை இலவசம். பரிசோதனைகள் குறைந்த கட்டணத்தில். 2018-இல் அது வேறொரு பொதுத் திட்டத்தில் கலந்துவிட்டபோது விவசாயிகள் அதன் அருமையை உணர்ந்தார்கள். 2022-இல் அரசு மறுபடியும் அதைத் தொடங்கிற்று. கேரளத்திலோ கூட்டுறவு ஆஸ்பத்திரிகளே நடக்கின்றன, கண்ணூரிலுள்ள ஏ.கே.ஜி. நினைவுக் கூட்டுறவு மருத்துவமனை அவற்றுள் ஒன்று. நம் மாநிலத்திலும் கூட்டுறவு மருந்தகங்கள் இருக்கின்றன. மாத்திரை விற்கலாம், ஸ்கேனுக்கு வழிகாட்டலாகாது என்று விதி ஏதும் உண்டோ?

"நூல் கணக்கும் துணிக் கணக்கும் பார்க்கவே காரியதரிசிக்கு நேரமில்லை, இது எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். நேரமின்மை உண்மையே. ஆனால் பட்டியல் எழுதும் வேலையைக் காரியதரிசியே செய்ய வேண்டுமென்பதில்லை. படித்த பிள்ளைகள் இல்லாத நெசவாளர் வீடு இன்று எத்தனை? இருவரை நியமித்து, தொலைபேசிச் செலவைச் சங்கம் ஏற்றால் போதும். நோயால் நின்ற தறியின் நஷ்டமும், கடனில் மூழ்கிய அங்கத்தினர் கட்டாத தவணையும் கடைசியில் சங்கக் கணக்கிலேயே வந்து விழுகின்றன என்பதையும் அவர்கள் எண்ண வேண்டும்.

இதைவிடக் கவனிக்க வேண்டிய ஆட்சேபம் மற்றொன்று. ஸ்கேனுக்கு ஆள் அனுப்புகிறவர்க்குக் கமிஷன் கொடுக்கும் கெட்ட வழக்கம் பல ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. வைத்தியர் இவ்வாறு பங்கு பெறுவதை 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் தடுக்கின்றன. நாளை சங்கத்தின் வாயிலாக ஆட்கள் போகத் தொடங்கினால், அதே கமிஷன் சங்க நிர்வாகியைத் தேடி வராதா? வரும். ஆகையால் இந்த ஏற்பாட்டின் முதல் விதியாகவே மகாசபையில் தீர்மானிக்க வேண்டும்: நிலையத்திடமிருந்து சங்கமோ, நிர்வாகியோ, சிப்பந்தியோ ஒரு காசும் பெறலாகாது, தள்ளுபடி முழுவதும் அங்கத்தினர் ரசீதிலேயே குறைந்து காணப்பட வேண்டும், ஒப்புக்கொண்ட கட்டணம் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும், எந்த அங்கத்தினரும் எந்த நிலையத்துக்கும் போகும் சுதந்திரம் உடையவர். இவ்விதி நிலைக்காத இடத்தில் இந்த ஏற்பாட்டைத் தொடங்காமலிருப்பதே மேல். நோயாளியின் வலியில் தரகு பார்க்கும் சங்கத்துக்குக் கூட்டுறவு என்ற பெயர் பொருந்தாது.

அடுத்த மகாசபையில் லாபப் பங்கும் போனஸும் பேசப்படும், பேசப்பட வேண்டியவையே. அவற்றோடு இந்தப் பட்டியலையும் ஒரு பொருளாகச் சேர்க்கும்படி அங்கத்தினர்கள் முன்கூட்டி எழுத்தில் நிர்வாகக் குழுவைக் கேட்க வேண்டுகிறேன். பத்து நிலையங்களுக்குத் தொலைபேசியில் பேசி, ஒரு முழுத் தாளில் எழுதி ஒட்டுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அந்தத் தாளைப் பார்த்துப் புறப்படும் முதல் அங்கத்தினருக்கு மிஞ்சும் பணமே அச்செலவை ஈடு செய்துவிடும்.